வீபிஎன் கேட்வேக்கு சிஸ்டம் ஐபி கொடுப்பது எப்படி: திருமலைக் கிளை அலுவலகங்களை வைத்து ஒரு வழிகாட்டி

நெட்வேர்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வீபிஎன் கேட்வேயை, அதாவது அலுவலகங்களை இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் பெட்டியை, கையில் எடுத்ததும் தேடுவது இணையக் கேபிள் செருகும் போர்ட்டைத்தான். கேபிளைச் செருகி, டனல் (இரு பெட்டிகளுக்கிடையில் இணையத்துக்குள் ஓடும் பாதுகாப்பான பாதை) எழும்பி, விளக்கு பச்சையாகிவிட்டால் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிஸ்டம் ஐபி என்றொரு இடம் இருப்பதைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திறக்காவிட்டாலும் எல்லாம் ஓடும், ஏனென்றால் பெட்டி தானாகவே ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் யாரோ தேவையில்லாத வீலான் (நெட்வேர்க்குக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதி) ஒன்றை அழிப்பார்கள், அல்லது மின்வெட்டு வந்து போகும். டனல் பச்சையாகவே இருக்கும், ஆனால் கிளையில் ஒருவருக்கும் வைஃபைக்குள் நுழைய முடியாது, கண்காணிப்புத் திரையில் கேட்வே செத்துப்போனதாகக் காட்டும். அப்போதுதான் எல்லோரும் இந்த இடத்தைத் தேடி வருவார்கள்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு மாதிரி நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் திருமலையில், அதாவது திருகோணமலையில், உள்ள உவர்மலையில். கிளைகள் கிண்ணியா, மூதூர், நிலாவெளி. நான்கு இடத்திலும் அருபா என்ற நிறுவனத்தின் கேட்வே. உவர்மலையில் உள்ளது வீபிஎன் கொன்சன்ட்ரேட்டர், அதாவது கிளைகளின் டனல்கள் எல்லாம் வந்து முடியும் பெட்டி. நான்கையும் அருபா சென்ட்ரல் என்ற மேகத் தளத்திலிருந்து நிர்வகிக்கிறோம். அருபாவை எடுத்ததற்குக் காரணம், சிஸ்டம் ஐபி அங்கே அந்தப் பெயரிலேயே தனி அமைப்பாக இருக்கிறது. சிஸ்கோ, மைக்ரோடிக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் சில வரிகள் உண்டு. முகவரித் திட்டம் எல்லோருக்கும் பொது.

எந்த முகவரியைப் பற்றிப் பேசுகிறோம்

ஒரு கேட்வேக்குப் பல ஐபி முகவரிகள் இருக்கும். இணைய நிறுவனம் கொடுத்தது ஒன்று, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வீலானுக்கும் ஒவ்வொன்று, நாலாம் தலைமுறை மோடம் செருகியிருந்தால் அதற்கும் ஒன்று. இவற்றுள் ‘நான் இன்னார்’ என்று பெட்டி தன்னை அறிமுகப்படுத்தும்போது சொல்லும் முகவரிதான் சிஸ்டம் ஐபி. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேவரிடம் போகும் கேள்வி, நடந்ததைச் சேமித்துவைக்கும் சிஸ்லொக் சேவருக்குப் போகும் பதிவுகள், கண்காணிப்புக்கான எஸ்என்எம்பி தகவல்கள் ஆகியவை நீங்கள் வேறு ஏதும் சொல்லாதவரை இந்த முகவரியிலிருந்தே புறப்படும்.

டனலின் வெளி முனை வேறு விஷயம். கிண்ணியா கேட்வே உவர்மலை கேட்வேயை இணையத்தில் தேடிப் பிடிப்பது பொது ஐபி முகவரியை வைத்து. சிஸ்டம் ஐபிக்கு அதில் வேலை இல்லை. ஒரு அலுவலகத்துக்கு இரண்டு தெருவிலும் வாசல் இருக்கலாம், ஒரு வாசலைப் பூட்டி மற்றதைத் திறக்கலாம், ஆனால் கடிதத் தலைப்பில் அச்சடித்த முகவரி ஒன்றுதான். இணைய நிறுவனத்தை மாற்றினாலும், ஃபைபர் அறுந்து மோடத்தில் ஓடினாலும் மாறாமல் நிற்க வேண்டியது சிஸ்டம் ஐபி. அதனால் இணையப் பக்கத்து முகவரியை ஒருபோதும் சிஸ்டம் ஐபியாகத் தெரிவு செய்யாதீர்கள். மற்ற எந்தத் தவறையும் பிறகு திருத்தலாம், இது மட்டும் ஒவ்வொரு முறை இணைப்பு மாறும்போதும் திரும்பத் திரும்பக் கழுத்தைப் பிடிக்கும்.

நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அருபா பெட்டி என்ன செய்யும்? லூப்பேக் இன்டர்ஃபேஸ் (போர்ட் எதுவும் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே இருக்கும் முனை) இருந்தால் அதன் முகவரியை எடுக்கும். இல்லையென்றால் முதலில் அமைத்த வீலானின் முகவரியை எடுக்கும். பெரும்பாலும் அது தொழிற்சாலையிலிருந்தே வரும் வீலான் 1. வீலான் 1 எல்லாப் பெட்டியிலும் இருப்பது. அமைக்காமல் விட்ட போர்ட்டுகள் எல்லாம் அதில்தான் விழும், யாரோ கொண்டுவந்து செருகும் பிரின்டரும் அங்கேதான் போய் உட்காரும். நிறுவனத்தின் முதுகெலும்பு முகவரியை அப்படியொரு சந்தைக்குள் வைக்க எனக்கு மனம் வராது.

முதலில் தாளில் எழுதுங்கள்

கீபோர்ட்டில் கை வைப்பதற்கு முன் முகவரித் திட்டம். தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கிய தொகுதிகள் மூன்று: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. 1996இல் ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் வகுத்தது. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், முகவரியின் முன்பகுதியில் எத்தனை பிட் மாறாது என்பதைச் சொல்லும்; எண் சிறிதானால் தொகுதி பெரிது. இதில் 192.168இலிருந்து எதையும் அலுவலகத்துக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. வீட்டு ரவுட்டர்கள் பலவும் 192.168.1.0 அல்லது 192.168.0.0 கொடுக்கும், கையில் கொண்டுதிரியும் சிறிய மோடங்கள் பல 192.168.8.0 கொடுக்கும். உப்புவெளியில் விடுதி அறையொன்றிலிருந்து லப்டொப்பில் வீபிஎன் போடும் ஊழியரின் அறை வைஃபையும் உங்கள் அலுவலகமும் ஒரே தொகுதியில் இருந்தால், அவருடைய பக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) அறையை விட்டு வெளியே வராது. லப்டொப்பைப் பொறுத்தவரை அந்த முகவரி பக்கத்திலேயே இருக்கிறது, பிறகு ஏன் டனலுக்குள் அனுப்பும்?

நம் மாதிரி நிறுவனத்துக்கு 10.40.0.0/16ஐ எடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு /20 கொடுப்போம்.

உவர்மலை: 10.40.0.0/20
கிண்ணியா: 10.40.16.0/20
மூதூர்: 10.40.32.0/20
நிலாவெளி: 10.40.48.0/20

ஒரு /20க்குள் பதினாறு /24 அடங்கும். கணக்குப் பகுதி, விருந்தினர் வைஃபை, கண்காணிப்புக் கேமரா என்று பிரித்தாலும் மிச்சம் இருக்கும். ஒரு கிளை முழுவதையும் ஒரே வரியில் ரூட்டாக (தரவு போகும் வழியாக) சொல்லலாம் என்பது இதில் கிடைக்கும் பெரிய சுகம். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் /24ஐ நிர்வாகத்துக்கு ஒதுக்கி, எல்லா இடத்திலும் அதற்கு வீலான் 900 என்றே இலக்கம் கொடுங்கள். கேட்வேயின் முகவரி எங்கும் .1. ஆக சிஸ்டம் ஐபிகள் இவை: உவர்மலை 10.40.0.1, கிண்ணியா 10.40.16.1, மூதூர் 10.40.32.1, நிலாவெளி 10.40.48.1.

வீலானுக்குப் பதில் லூப்பேக்கை வைக்கலாமா? வைக்கலாம். உங்கள் பதிப்பில் அந்த வசதி கிடைத்தால் அதுவே சுத்தமான வழி, ஏனென்றால் லூப்பேக் எந்தப் போர்ட்டையும் சார்ந்ததல்ல, பெட்டிக்கு உயிர் இருக்கும்வரை அதுவும் இருக்கும். அப்படியானால் 10.40.255.0/24ஐ அதற்கென்றே ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு /32 கொடுங்கள், மாஸ்க் 255.255.255.255. கட்டுரையின் மிகுதியில் வீலான் வழியையே காட்டுகிறேன். புதியவர்கள் கையில் எடுக்கும் அமைப்புகளில் அதுதான் அதிகம், சிக்கலும் அதில்தான் அதிகம்.

தொடக்கூடாத தொகுதிகளும் உண்டு. 100.64.0.0/10 இணைய நிறுவனங்கள் தங்கள் உள்வேலைக்கு வைத்திருப்பது, 2012இல் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கியது. அதை உள்ளே எடுத்தால் இணையப் பக்கத்தோடு மோதும். 169.254.0.0/16 டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) கிடைக்காத கருவி தானே போட்டுக்கொள்வது. சேவரில் டொக்கர் என்ற மென்பொருள் ஓடுகிறதென்றால் 172.17.0.0/16 பக்கமும் போகாதீர்கள்.

வீலான் 900ஐ அமைத்தல்

அருபா சென்ட்ரலில் கேட்வேக்களைக் குழுவாக வைத்திருப்போம். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழும் முதல் படி. குழு மட்டத்தில் போடும் அமைப்பு குழுவில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் போகும். பெட்டி மட்டத்தில் போடுவது அந்த ஒன்றுக்கு மட்டும். ‘வீலான் 900 இருக்கிறது, அதுதான் சிஸ்டம் ஐபி’ என்பது குழுவுக்குப் பொது. ‘முகவரி 10.40.16.1’ என்பது கிண்ணியாவுக்கு மட்டும் உரியது. முகவரியையும் குழு மட்டத்தில் போட்டால் மூன்று கிளையும் ஒரே முகவரியைச் சுமந்துகொண்டு எழும்பும். மூன்றும் தனித்தனியே நன்றாகத்தான் தெரியும், உவர்மலையில் ரூட்டிங் மட்டும் ஒருமுறை கிண்ணியாவுக்கும் மறுமுறை மூதூருக்கும் தாவும்.

குழுவைத் தெரிவு செய்து, கேட்வே அமைப்புக்குள் போய், ‘இன்டர்ஃபேஸ்’ என்ற பகுதியில் ‘வீலான்ஸ்’ஐத் திறவுங்கள். 900ஐச் சேர்த்து ஒரு பெயர் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ஐபி முகவரி பெறும் முறையை ‘ஸ்டாட்டிக்’ என்று வைத்து, முகவரியும் 255.255.255.0 என்ற மாஸ்க்கும் போட்டுச் சேமியுங்கள். கிளைகள் நிறைய இருந்தால் முகவரிகளைத் தொகுதியிலிருந்து தானாகப் பங்கிடும் ‘கேட்வே பூல்’ வசதியைப் பார்க்கலாம். நான்கு இடத்துக்குக் கையால் போடுவதே மேல், எது எங்கே இருக்கிறது என்று மனதில் நிற்கும். மெனுவின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று இடம்மாறும். தேட வேண்டிய சொற்கள் இவைதான்.

வீலான் 900இல் கேட்வேக்கு டிஎச்சிபி முகவரி வேண்டவே வேண்டாம். இன்று கொடுத்ததையே நாளையும் கொடுக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

இனி, அமைப்பில் தெரியாத ஒரு பொறி. வீலான் இன்டர்ஃபேஸ் தானாக உயிரோடு இருப்பதல்ல. அந்த வீலானில் உள்ள போர்ட்டுகளில் ஒன்றாவது எழும்பி இருந்தால்தான் அதுவும் எழும்பி இருக்கும். நிலாவெளிக் கிளையை நினைத்துப் பாருங்கள். கேட்வே யூபிஎஸ்ஸில் இருக்கிறது. அதன் கீழே இருக்கும் ஒரே ஸ்விட்ச் சுவர் பிளக்கில் நேரே செருகியிருக்கிறது, ஏனென்றால் யூபிஎஸ்ஸில் இருந்த கடைசித் துளையை யாரோ கணக்குப் பகுதிக் கணினிக்கு எடுத்துவிட்டார்கள். கரண்ட் போகிறது. கேட்வே சாகவில்லை, இணைப்பும் டனலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஸ்விட்ச் அணைந்ததும் வீலான் 900இன் ஒரே போர்ட் விழுந்துவிடுகிறது, கூடவே 10.40.48.1உம் மறைந்துவிடுகிறது. உவர்மலையில் இருப்பவருக்கு கேட்வே போய்விட்டதாகத் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போனால், அதற்குள் கரண்ட் வந்து எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த வாரமும் இதே கூத்து.

இதற்கு மருந்து இரண்டு. ஸ்விட்ச்சையும் யூபிஎஸ்ஸில் போடுவது ஒன்று. மற்றது, போர்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீலானை எழும்பிய நிலையிலேயே வைத்திரு என்று கேட்வேக்குச் சொல்வது. அருபாவில் அந்த அமைப்பின் பெயர் ‘ஓப்பர்ஸ்டேட் அப்’. வீலான் 900இன் இன்டர்ஃபேஸுக்கு மட்டும் அதைப் போடுங்கள். எல்லா வீலானுக்கும் போட்டுவைத்தால் உண்மையில் விழுந்ததும் விழாததும் ஒரே மாதிரித் தெரியும்.

சிஸ்டம் ஐபியைத் தெரிவு செய்தல்

இவ்வளவு ஆயத்தத்துக்குப் பிறகு உண்மையான வேலை ஒரு நிமிடம்தான். குழு மட்டத்தில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘ஜெனரல்’, அதற்குள் ‘சிஸ்டம் ஐபி அட்ரஸ்’. திறந்தால் வீலான்களின் பட்டியல் விழும். 900ஐத் தெரிவு செய்து சேமியுங்கள். கட்டளை வரியில் வேலை செய்கிறவர்களுக்கு இது ‘கொன்ட்ரோலர் ஐபி’ என்ற பழைய பெயரில் இருக்கும், அதோடு ‘வீலான் 900’ என்று சேர்த்தால் போதும்.

ஆனால் சேமித்ததும் முகவரி மாறிவிடாது. சிஸ்டம் ஐபியை மாற்றினால் கேட்வேயை ஒருமுறை மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும். அந்த நேரம் கிளைக்கு இணையமும் இல்லை, தலைமை அலுவலகத் தொடர்பும் இல்லை. ஆகவே நேரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் அலுவலகம் எப்படியும் அமைதியாக இருக்கும் என்று நினைத்து அப்போது செய்யக் கிளம்பாதீர்கள். ஏதாவது பிசகினால் பெட்டிக்குப் பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆளும் இருக்க மாட்டார். கடை மூடுவதற்குச் சற்று முன், பொறுப்பானவர் ஒருவர் அங்கே இருக்கும்போது செய்வது நல்லது. நிலாவெளியில் உல்லாசப் பயணிகள் வரும் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. வாடிக்கையாளர்கள் விடுதிக்காரர்களாக இருந்தால் அந்த மாதங்களில் அங்கே கை வைக்காமல் இருப்பதே புத்தி.

எந்தப் பெட்டியை முதலில்? புதிய அமைப்பு என்றால் உவர்மலையிலிருந்து தொடங்குங்கள், கிளைகளுக்கு வந்துசேர ஓரிடம் வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் மாற்றுகிறீர்கள் என்றால் நேர் எதிர்: ஆகச் சிறிய கிளையொன்றில் செய்து இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றக் கிளைகள், உவர்மலை கடைசியில். தலைமைப் பெட்டி எழும்பாமல் போனால் நான்கு இடமும் ஒன்றாக நின்றுவிடும்.

கிளையில் இருப்பவரோடு போனில் பேசும்போது, அவர் செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாததை முதலில் சொல்லுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் ஆட்களுக்குக் கை அரிக்கும். பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும்:

“தம்பி, பெட்டியில இப்ப என்ன லைட் எரியுது?”

“பச்சை விட்டுவிட்டு எரியுது அண்ணன். ஒருக்கா கழட்டிப் போட்டுப் பாக்கட்டா?”

“வேணாம், வேணாம். அது எழும்பிக்கிட்டு இருக்கு. ஒண்டையும் தொடாம விடுங்க, பத்து நிமிஷத்தில நான் திரும்ப எடுக்கிறன்.”

பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு பத்து நிமிடத்தில் எடுங்கள். எடுக்காவிட்டால் அவர் கழட்டிப் பார்ப்பார்.

கொன்சோல் கேபிள் ஒன்றும், அதற்கேற்ற யூஎஸ்பி மாற்றியும் ஒவ்வொரு கிளையிலும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நெட்வேர்க்கால் எட்ட முடியாத கேட்வேயைத் திறக்க அதுவே ஒரே வழி. ஒன்றை மட்டும் வாங்கி உவர்மலை மேசைக்குள் வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் கேபிள் ஓரிடமும் பெட்டி ஓரிடமுமாக இருக்கும்.

சிஸ்டம் ஐபியாகக் கட்டிய பிறகு வீலான் 900ஐ அழிக்கப் பார்த்தால் அருபா விடாது. வேறொன்றைச் சிஸ்டம் ஐபியாக்கிய பிறகே அழிக்கலாம். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்தப் பெட்டியில் பிடித்த குணங்களில் இதுவும் ஒன்று.

ரூட் சொல்லிக்கொடுத்தல்

முகவரி கொடுத்தாயிற்று, ஆனால் அது இருப்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். கிளையின் வீலான் 900 வீபிஎன் வழியாக உவர்மலைக்கு அறிவிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஊழியர்கள் இருக்கும் வீலானை மட்டும் அறிவித்துவிட்டு நிர்வாக வீலானை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது. மறுபக்கம், உவர்மலையில் சேவர்கள் இருக்கும் ஸ்விட்ச் அல்லது ரவுட்டருக்கு 10.40.16.0/20, 10.40.32.0/20, 10.40.48.0/20 மூன்றும் கொன்சன்ட்ரேட்டர் பக்கம் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். பெட்டிகள் தமக்குள் ரூட்டுகளைப் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் ஓடினால் அது தானாகச் சொல்லும். இல்லையென்றால் கையால் எழுதும் மூன்று ஸ்டாட்டிக் ரூட்.

போகும் வழி இருந்து திரும்பும் வழி இல்லாவிட்டால் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) பதில் வராது. புதியவர்கள் உடனே கேட்வேயைத் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்வார்கள். கோளாறு சேவர் பக்கத்து ஸ்விட்ச்சில் இருக்கும்.

இணையப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை

சிஸ்டம் ஐபிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், டனல் எழும்பாமல் மேலே சொன்ன எதையும் சோதிக்க முடியாது. உவர்மலைக்கு மாறாத பொது ஐபி வேண்டும், இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். பல இணைப்புகளில் வாடிக்கையாளருக்குப் பொது ஐபி கிடைப்பதில்லை, ஆயிரம் பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். அறிய எளிய வழி: ரவுட்டரின் இணையப் பக்கத்தில் தெரியும் முகவரியையும், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளத்தில் தெரியும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறென்றால், அல்லது ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால், நீங்கள் பின்னால்தான் இருக்கிறீர்கள். கிளைகளுக்கு அது பெரிய தடையல்ல, கிளைதான் முதலில் கதவைத் தட்டுகிறது. உவர்மலைக்கு மட்டும் அது ஆகாது.

கொன்சன்ட்ரேட்டருக்கு முன்னால் இணைய நிறுவனத்தின் ரவுட்டர் நின்றால் யூடிபி 4500 என்ற போர்ட் இலக்கத்தை உள்ளே திருப்பிவிடுங்கள். வழமையான ஐபிசெக் (தரவைப் பூட்டி அனுப்பும் முறை) டனல் என்றால் யூடிபி 500உம் வேண்டும். இப்படிப் பகிர்ந்த பொது முகவரிக்குப் பின்னால் இருக்கும் பெட்டிகள் ஐபிசெக்கை யூடிபி 4500க்குள் பொதிந்து அனுப்பும் முறை 2005இலேயே தரமாக்கப்பட்டது. அதனால்தான் மோடத்துக்குப் பின்னால் இருக்கும் கிளையும் வேலை செய்கிறது.

நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். கேட்வேயின் கடிகாரம் பிழையென்றால் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ அல்லது ‘காலாவதி’ என்று டனல் மறுக்கப்படும். நேர வலயம் ஏசியா கொழும்பு, அதாவது +5:30. சரியான நேரம் சொல்லும் என்டிபி சேவர் ஒன்றையாவது கொடுத்துவிடுங்கள்.

ரேடியஸும் சிஸ்லொக்கும்

அதிகம் அழவைப்பது இந்த இடம். ரேடியஸ் சேவர் தன்னிடம் கேள்வி கேட்கும் ஒவ்வொரு கருவியையும் அதன் ஐபியை வைத்து அடையாளம் காண்கிறது. பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து வந்தால் மறுப்புக்கூடச் சொல்லாமல் பேசாமல் விட்டுவிடும். கிண்ணியாவின் சிஸ்டம் ஐபி வீலான் 1இன் முகவரியிலிருந்து 10.40.16.1க்கு மாறிய மறு நிமிடம், வைஃபைக்கு ஊழியர் போடும் கடவுச்சொல் எல்லாம் ‘காத்திருக்கவும்’ என்று சுற்றிக்கொண்டே நிற்கும். கிளையில் இருப்பவர் கடவுச்சொல் பிழை என்பார். பாவம், அவரிடம் பிழை இல்லை.

எனவே மறுதொடக்கத்துக்கு முன்பே ரேடியஸ் சேவரில் நான்கு புதிய முகவரிகளையும், பகிர்ந்துகொள்ளும் இரகசியச் சொல்லோடு, சேர்த்துவிடுங்கள். பழைய முகவரிகளை உடனே அழிக்க வேண்டாம், ஒரு வாரம் கிடக்கட்டும். சேவரின் ஃபயர்வோலும் யூடிபி 1812, 1813 போர்ட்டுகளை இந்த முகவரிகளுக்குத் திறந்திருக்க வேண்டும். சிஸ்லொக் சேவர் யூடிபி 514, எஸ்என்எம்பி யூடிபி 161. கண்காணிப்பு மென்பொருளில் கேட்வேயைப் பொது ஐபியால் சேர்த்திருந்தால் அதையும் சிஸ்டம் ஐபிக்கு மாற்றுங்கள். வெளியிலிருந்து எஸ்என்எம்பி திறந்து வைத்திருப்பது எப்படியும் நல்லதல்ல.

சோதனை

உவர்மலைக் கணினியிலிருந்து 10.40.16.1க்குப் பிங் போடுங்கள். பிறகு பாதையைக் காட்டும் கட்டளையை ஓட்டி, அது டனல் வழியே போகிறதா என்று பாருங்கள். கேட்வேயிலேயே சிஸ்டம் ஐபியைக் காட்டச் சொல்லி, வீலான் 900 என்று வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். ரேடியஸ் சேவரின் பதிவில் கேள்வி கேட்டவர் முகவரி 10.40.16.1 என்று இருக்க வேண்டும். இதுவே எனக்கு ஆக நம்பிக்கையான சாட்சி, ஏனென்றால் மறுமுனையில் இருப்பவர் சொல்வது.

இவ்வளவும் நல்ல நேரத்துச் சோதனை. கெட்ட நேரத்தையும் நீங்களே உண்டாக்கிப் பாருங்கள். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளையில் ஸ்விட்ச்சின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். பிங் நிற்கக்கூடாது, நின்றால் ஓப்பர்ஸ்டேட் அமைப்பு போகவில்லை. திருப்பிச் செருகிவிட்டு ஃபைபர் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மோடத்துக்கு மாறும் வரை சில பிங் விழும், பிறகு அதே முகவரி பதில் சொல்ல வேண்டும். கடைசியாக யூபிஎஸ்ஸையே அணைத்துப் போடச் சொல்லுங்கள். பெட்டி எழும்பி வந்ததும் சிஸ்டம் ஐபி அதேதானா என்று பாருங்கள்.

திருமலையில் இந்தக் கடைசிச் சோதனையை ஒக்டோபருக்கு முன் முடித்துவிடுவது நல்லது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரங்களில் இடியும் மின்னலும் சேர்ந்து வரும், கரண்ட் விட்டுவிட்டு வரும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் மின்னல் அதன் வழியே வராது என்று ஆறுதல்பட வேண்டாம். ஃபைபர் பெட்டியின் அடப்டர் வழியாகவும், கட்டடத்துக்குக் கட்டடம் இழுத்த செப்புக் கேபிள் வழியாகவும் வரும். நிலம் சரியாகக் கொடுத்த சேர்ஜ் புரொடெக்டர் ஒன்றுக்குச் செலவழிப்பது வீண் போகாது. கடலோரக் கிளைகளில் உப்புக்காற்று ஆர்ஜே-45 முனைகளில் பச்சை பிடிக்கவைக்கும். போர்ட் காரணமில்லாமல் விழுந்து எழும்பினால் அமைப்பைக் குடைவதற்கு முன் கேபிளின் முனையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சிஸ்கோ, மைக்ரோடிக் வைத்திருப்பவர்களுக்கு

கிளைகளை மையத்திலிருந்து இணைத்து நிர்வகிக்கும் சிஸ்கோவின் எஸ்டி-வானிலும் சிஸ்டம் ஐபி என்ற அதே பெயர் இருக்கிறது, ஆனால் குணம் வேறு. அங்கே அது எந்த இன்டர்ஃபேஸோடும் கட்டாத அடையாளம் மட்டும். ஐபி முகவரி வடிவில் எழுதுகிறோமே தவிர, அதற்கு ரூட் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 0, 127 ஆகியவற்றில் தொடங்குவதும் 224 முதல் மேலே உள்ளவையும் கூடாது, ஒரு பெட்டிக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. சைட் ஐடி (இடத்தின் இலக்கம்), நிறுவனப் பெயர், வீபொண்ட் (பெட்டிகளைச் சரிபார்த்து உள்ளே சேர்க்கும் சேவர்) முகவரி ஆகியவற்றோடு சேர்த்தே அதைப் போட வேண்டும். நிறுவனப் பெயர் எல்லாப் பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்துகூட மாறக்கூடாது. கட்டுப்பாட்டு இணைப்பு எழும்பாவிட்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மைக்ரோடிக்கில் இந்தப் பெயரில் ஒன்றும் இல்லை, ஆனால் அதே பலனைப் பெறலாம். போர்ட் எதுவும் சேர்க்காத ஒரு பிரிட்ஜை உருவாக்கி, அதற்கு 10.40.255.16/32 போல ஒரு முகவரி கொடுங்கள். பிறகு ரேடியஸ், சிஸ்லொக் இரண்டின் அமைப்பிலும் ‘சோர்ஸ் அட்ரஸ்’ என்ற இடத்தில் அந்த முகவரியைக் கையால் எழுத வேண்டும், அங்கே தானாக நடக்காது. ஓஎஸ்பிஎஃப் ஓடினால் ரவுட்டர் ஐடியாகவும் அதையே வையுங்கள். வயர்கார்ட் வைத்து டனல் போடுகிறவர்கள், மறுமுனையின் ‘அலவ்ட் அட்ரஸ்’ பட்டியலில் இந்த /32ஐயும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டனல் கைகுலுக்கி எழும்பும், ஆனால் அந்த முகவரியிலிருந்து வரும் பக்கெட்டை மறுமுனை சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.